கணிதமும் கானமும்

துணுக்காயில் நமக்குத் தெரிந்த தந்தையார் ஒருவர் சென்ற கிழமை நம்மைக் காண வந்தார். மகள் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவள். "பரீட்சை முடியும்வரை பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டோம், ஐயா" என்றார். அருகில் நின்ற பிள்ளை தலை குனிந்திருந்தாள். அவ்விருவரையும் எண்ணியே இவ்வாரம் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்திரியை நினைவுகூர்கிறோம்.

அவர் 1932 பெப்ரவரி 29ஆந் திகதி காஞ்சிபுரத்திற் பிறந்தவர். சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்று, 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். கல்லூரித் தோழரான எம். எஸ். நரசிம்மனும் உடன் சேர்ந்தார். 1965இல் இருவரும் வெளியிட்ட தேற்றம் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. கேத்திரகணிதத்தில் எழுந்த ஒருவகைப் பொருளும் அட்சரகணிதத்தில் எழுந்த வேறொருவகைப் பொருளும் ஒன்றுக்கொன்று நேரொத்தவை என்பதே அதன் சாரம்.

இசையறிந்தோர்க்கு இது முற்றிலும் புதுமையன்று. மோகனத்தின் ஐந்து சுரங்களையும் மாற்றாது, ரிஷபத்தையே சட்சமாகக் கொண்டால் மத்தியமாவதி எழும். காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம் எழும். கிரகபேதம் என்பர் இதனை. சுரங்கள் அவையே, நோக்கும் இடமே வேறு.

சேஷாத்திரி கர்நாடக இசையைத் தேர்ந்து பாட வல்லவர். அதற்காகக் கணிதத்தை அவர் குறைத்துக்கொண்டாரல்லர். 1988இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1989இல் அவர் சென்னையில் தொடக்கிய கணிதப் பள்ளியே இன்று சென்னைக் கணிதக் கழகமாக விளங்குகின்றது. 2009இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2020 ஜூலை 17இல் மறைந்தார்.

பாடுவோரெல்லாம் கணித மேதையராவர் என்று நாம் சொல்லவில்லை. தந்தையாரின் அச்சமும் நமக்கு விளங்காததன்று. போரினால் இடம்பெயர்ந்து, வீடும் வயலும் இழந்து மீண்ட வன்னி மக்களுக்குக் கல்வி ஒன்றே கைவிட்டுப் போகாத செல்வமாயிற்று. ஆயினும், நாள் முழுதும் கணக்கோடு போராடிச் சலித்த பிள்ளைக்கு அரைமணி நேரப் பாட்டு இளைப்பாறுதலேயன்றி இழப்பாகுமா?

இதனையே அவரிடம் கேட்டோம். "யோசிக்கிறேன், ஐயா" என்று விடைபெற்றார். வெள்ளிக்கிழமை கோயிலிற் பண்ணிசைக்கும் பிள்ளைகளோடு அவளும் நிற்பாளா எனப் பார்த்திருக்கிறோம்.