கோல்மழைக்கு அஞ்சிப் பின்வாங்குவதா?

தென்மண்டலப் பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டிக்கு அணி திரட்டும் பருவம் வந்துவிட்டால், நாகர்கோவில் முதல் நீரோடி வரையில் பந்தாட்டத்தில் அக்கறையுள்ளவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு விவாதம் தவறாமல் தலையெடுக்கும். ஆட்டத்துக்கு நான்கு கோல், ஐந்து கோல் என்று அடித்துக்கொண்டு வருகிற ஓர் அணியை, அதாவது அசுதோஷ் முகர்ஜி கோப்பையைப் பலமுறை கைப்பற்றிய கோழிக்கோடு பல்கலைக்கழக அணியைப் போன்ற ஒன்றை, நம் பிள்ளைகள் எதிர்கொள்ள நேர்ந்தால் எவ்விதம் ஆடுவது உசிதம் என்பதே அந்த விவாதம். பெரும்பாலோர் சொல்லும் உபாயம் ஒன்றுதான்: பத்துப் பேரும் கோலிக்கு முன்னால் வந்து நில்லுங்கள், வந்த பந்தை ஓங்கி உதையுங்கள், பிறகு கடவுள் விட்ட வழி. இந்த உபாயம் பிசகானது என்பதும், கோல்களைக் குவிக்கும் அணிக்கு எதிரேதான் தாக்குதல் முறையை மிகுந்த சிரத்தையுடன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் நம்முடைய உறுதியான அபிப்பிராயம்.

தற்காப்பில் சுருண்டுகொள்ளும் இந்த மனோபாவத்துக்கு மூலகாரணம் ஆட்டக் கலையில் இல்லை, மானாபிமானத்தில் இருக்கிறது. ஏழு கோலில் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது, ஒரு கோலில் தோற்றால் பரவாயில்லை என்று கல்லூரி நிர்வாகம் நினைக்கிறது. நிர்வாகம் நினைப்பதை உடற்கல்வி ஆசிரியர் அறிவார். ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே மாணவனும் ஆடுகிறான். கோல் வித்தியாசத்தைக் கொட்டை எழுத்தில் போடும் பத்திரிகைகளும், நம்மையும் சேர்த்துத்தான், இந்தப் பாவத்தில் பங்காளிகள். ஆனால் தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் சுற்றில் ஒரு கோலில் தோற்றவனும் ஏழு கோலில் தோற்றவனும் ஒரே ரயிலில்தான் வீடு திரும்புகிறார்கள். புள்ளிகள் சமமாகும்போது கோல் வித்தியாசம் பார்க்கப்படும் லீக் சுற்றில் கணக்கு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே இரண்டு கோல் பின்தங்கிய பிறகு நிதானம் காட்டுவதில் அர்த்தமுண்டு. நாக்-அவுட்டில் அந்த நிதானத்தால் பெறும் லாபம் எதுவும் இல்லை.

இனி ஆட்டத்தின் நுட்பத்துக்கு வருவோம். எதிரணி கார்னர் கிக் எடுக்கும் வேளையில் நம் கல்லூரி அணிகள் செய்வதை யாரும் கவனித்திருக்கலாம். பதினோரு பேரும் பெனால்டி கட்டத்துக்குள் வந்து ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். தலையால் தட்டி வெளியே அனுப்பிய பந்தை எடுப்பதற்கு நம் ஆள் ஒருவன்கூட வெளியே இல்லாததால், அது எதிரியின் காலுக்கே போய்ச்சேர்ந்து அரை நிமிஷத்தில் மீண்டும் நம் கோலுக்கு முன்னால் வந்து விழும். இதற்குப் பதிலாக வேகமுள்ள இரண்டு பேரை நடுக்கோட்டின் இரு ஓரங்களில் நிறுத்திப் பாருங்கள். அந்த இருவரைக் காக்க எதிரி குறைந்தது மூன்று பேரைப் பின்னால் வைத்தாக வேண்டும். நம் கட்டத்துக்குள் பந்துக்கு எம்பும் தலைகளில் மூன்று அப்போதே குறைந்துவிடும். பந்தைத் தொடாமல் நிற்கும் ஃபார்வர்டும் தற்காப்புத்தான் செய்கிறான் என்ற இந்த உண்மை, கோல்களை எண்ணிக்கொண்டு ஆடும் அணிகளுக்கு எதிரே இரட்டிப்பாகச் செல்லுபடியாகும். ஏனெனில் அவர்கள் கோல் குவிப்பதே தங்கள் பின்வரிசை ஓரக்காரர்களையும் முன்னே அனுப்பித்தான். அவர்கள் விட்டுப்போகும் இடம் காலியாகக் கிடக்கிறது. நடுவில் நிற்கும் ஸ்டாப்பர்களோ முந்தைய ஆட்டங்களில் பந்து வராமல் சும்மா நின்று பழகியவர்கள்.

சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்லும். 1954 ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஹங்கேரி ஐந்தே ஆட்டங்களில் 27 கோல் அடித்தது. முதற்கட்ட ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நசுக்கியது. ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனி, எட்டு நிமிஷத்துக்குள் இரண்டு கோல் வாங்கிய பிறகும், பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கரின் திட்டப்படி முன்னேறியே ஆடி, பதினெட்டாவது நிமிஷத்தில் சமன் செய்து, 3-2 என்று கோப்பையை எடுத்துச் சென்றது. ஹங்கேரியின் சூத்திரதாரியான ஹிடெகுட்டியைப் பின்தொடர எக்கெல் என்ற ஒருவரை நியமித்ததோடு தற்காப்புக் கவலையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மற்ற சக்தியையெல்லாம் கோல் போடுவதில் அவர்கள் செலுத்தினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நம் தேசத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதற்கட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, இறுதியாட்டத்தில் அதே அணியைச் சந்தித்தபோது பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் தற்காப்பைப் பெருக்கினாரில்லை. தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை, அவர் தேசத்தின் தலைசிறந்த தற்காப்பு வீரராக இருந்தும், சென்டர் ஃபார்வர்டாக முன்னே நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றுமாக அடித்து 2-1 என்று தங்கம் வாங்கி வந்தார்கள். முந்தைய தோல்வியைக் கண்டு மதிலுக்கு மேல் மதில் எழுப்பாமல், இருந்த மதிலிலிருந்தே ஒரு கல்லைப் பெயர்த்து எறிந்த துணிச்சல் அது.

குமரிக் கடற்கரைக்கு இந்தத் தாக்குதல் முறை மற்றெந்த இடத்தையும்விடப் பொருந்தும் என்று சொல்லுவதற்குக் காரணமுண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாகக் கிடக்கும் ஊர்களில் பிள்ளைகள் மணலில் ஆடிப் பழகுகிறார்கள். மணலில் பந்து உருளாது. தரையோடு தள்ளிய பந்து இரண்டு கஜத்தில் செத்து நிற்கும். ஆகவே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும், நுனிக்காலால் கிள்ளி எடுத்து எதிராளியைத் தாண்டவும், நின்ற நிலையிலிருந்து சட்டென்று பாயவும் அவர்கள் எட்டு வயதிலேயே தேர்ந்துவிடுகிறார்கள். இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்டு ஐ.எஸ்.எல். வரைக்கும் சென்று இடப்புற ஓரத்தில் பேர்பெற்ற மைக்கேல் சூசைராஜ் இந்த மண்ணின் சம்பத்து. இப்படிப்பட்ட கால்களைப் பின்னால் இழுத்து வந்து, பந்தை வானத்துக்கு உதைக்கும் கைங்கரியத்துக்கு நியமிப்பதை என்னவென்று சொல்லுவது? ஒரு குறையும் இருக்கிறது: மணலில் வளர்ந்தவர்களுக்குப் புல்தரையில் நீண்ட தூரம் தரையோடு பந்து கடத்தும் பழக்கம் போதாது. பந்தை நம் வசமே வைத்திருப்பதுதான் கோல்காரர்களின் வாயை அடைக்கும் முதல் வழி என்பதால், பயிற்சி முகாமில் முதலில் திருத்த வேண்டியதும் இந்தக் குறைதான்.

ஆட்சேபணை சொல்வோர் 2022 சந்தோஷ் கோப்பை அரையிறுதியைக் காட்டுவார்கள். மஞ்சேரியில் கேரளத்துக்கு எதிராக முதல் கோலை அடித்தது கர்நாடகம். ஆட்டம் முடிகையில் 7-3. மாற்று வீரராக இறங்கிய ஜெசின் ஒருவரே ஐந்து கோல் போட்டார். முன்னேறி ஆடியதன் பலனைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். ஆனால் அன்று மூன்று கோல் வாங்கிய கேரளத்தின் பின்வரிசை துளைக்கக்கூடியது என்பதும் அதே ஆட்டத்தில் நிரூபணமாயிற்று. வேறு சிலர் 2004 ஐரோப்பியக் கோப்பையைக் கிரேக்கம் தற்காப்பாலேயே வென்றதைச் சொல்லக்கூடும். காலிறுதி தொடங்கி மூன்று ஆட்டங்களையும் 1-0 என்றே வென்ற அந்த அணியை ரெஹாகல் என்ற ஜெர்மானியர் ஆண்டுக்கணக்கில் பழக்கியிருந்தார். நான்கு பேர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகரும் தற்காப்பு சில நாள் முகாமில் வாய்க்காது. ஓரத்தில் ஓடும் ஒருவனும் நடுவில் காத்திருக்கும் ஒருவனும் பொருந்திக்கொள்ளும் தாக்குதல் அந்தச் சில நாளிலேயே வாய்க்கும்.

ஆகவே தேர்வுக் குழுவினர் பின்வரிசையை நிரப்பிய பிறகு மிச்சத்தில் ஃபார்வர்டு தேடும் வழக்கத்தை விட்டு, ஓரத்தில் ஓடும் இருவரை முதலில் நிச்சயித்து, அவர்களுக்குப் பந்து வந்து சேரும் வழியை அடுத்தபடி வகுக்க வேண்டும். கல்லூரி முதல்வர்கள், நாக்-அவுட்டில் எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் ஆசிரியரை அழைத்து விளக்கம் கேட்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகாமில் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவதால் கோல் குவிக்கும் அணியின் வேகம் எவருக்கும் விளங்காது. நீரோடியைத் தாண்டினால் பொழியூர். சந்தோஷ் கோப்பைக்கு வீரர்களைத் தந்த ஊர். அங்குள்ள அணிகளோடு போட்டிக்கு முன் மூன்று ஆட்டமாவது ஆடத் தேர்வுக் குழுவினர் ஏற்பாடு செய்யட்டும். வேன் வாடகையும் ஒரு வேளைச் சாப்பாடும்தான் செலவு.