மஞ்சக் கடுதாசியும் 1,840 ரூபாயும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தர் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்' என்றால், அதற்கப்புறம் அவர் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். கையை விரித்து, கோர்ட்டில் திவால் என்று பேர் வாங்குவதற்கு அப்படி ஒரு மங்களகரமான பெயர்! நான் எந்தக் கலரிலும் கடுதாசி கொடுத்தவனில்லை. ஆனாலும் கடனால் ஒரு அரசு வங்கி கிளார்க் வேலையைக் கோட்டை விட்டவன். (அதனால்தான் இந்தப் பக்கத்தில் நான். யாரைத் திட்டுவது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.)

பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த 2013-ல், தி.நகரில் டை கட்டிய பையன் ஒருவன் வழிமறித்து என் தலையில் கிரெடிட் கார்டு ஒன்றைக் கட்டினான். ஒரு பேன்ட், இரண்டு சட்டை வாங்கினேன். மேன்ஷன் மாறினேன். பில்கள் பழைய மேன்ஷனுக்கே விசுவாசமாகப் போய்க்கொண்டிருந்தன. வட்டி, அபராதம், அதன் மேல் சேவை வரி என்று குட்டி போட்டு 3,840 ஆனபோது வசூல் ஏஜென்சியிலிருந்து போன்.

"ரெண்டாயிரம் கட்டிடுங்க தம்பி. செட்டில் பண்ணிடலாம்."

கட்டினேன். 1,840 ரூபாய் லாபம்! அன்றிரவு ரூம்மேட்டுகளுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

2018-ல் வங்கித் தேர்வில் தேறி, சர்ட்டிபிகேட் சரிபார்க்கப் போனேன். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து எல்லாவற்றையும் புரட்டிய அதிகாரி, கடைசியாக ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். சிபில் அறிக்கை. அதில் 'செட்டில்டு' என்று ஒரு வரி.

"கட்டிட்டேனே ஸார்! அதான் செட்டில்டுன்னு போட்டிருக்கே?"

"முழுசாக் கட்டியிருந்தா 'க்ளோஸ்டு'ன்னு வரும் தம்பி. செட்டில்டுன்னா, 'போனாப் போகுது, வந்த வரைக்கும் லாபம்'னு அவங்க விட்டுட்டாங்கன்னு அர்த்தம். பி.காம்.ங்கறீங்க..."

அந்த 'ங்கறீங்க' இன்னும் காதில் இருக்கிறது.

மீதியைக் கட்டி, பாக்கியில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் கடிதம் வாங்கி வர அவகாசம் தந்தார்கள். பணம் கட்டப் பத்து நிமிஷம். கடிதம் வர இரண்டு மாசம். அதற்குள் என் நாற்காலியில் வேறொருவர்.

"அண்ணாச்சி கடையில முப்பது வருஷமாக் கணக்கு வெச்சிருக்கேன். ஒரு மாசம் தவறினதில்ல. அதை எவனாச்சும் கேட்டானாடா?" என்றார் அப்பா. கேட்கவில்லைதான். அண்ணாச்சியின் நோட்டு சிபிலுக்குப் போவதில்லையே.

என் கேஸாவது பரவாயில்லை. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம் 2021-ல் இதே காரணத்துக்காக ரத்தானது. எல்லாக் கடனையும் அடைத்தாகிவிட்டது என்று அவர் வழக்குப் போட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரிதான் என்று சொல்லிவிட்டது. அடைத்தால் மட்டும் போதாது, ஒழுங்காக அடைத்திருக்க வேண்டும். பொதுப் பணத்தில் கை வைக்கிற வேலையாயிற்றே. நியாயம்தான். எனக்கே நான் ஆயிரம் ரூபாய் கைமாற்று தரமாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. கவுன்ட்டரில் பணம் எண்ணுபவருக்கே இவ்வளவு என்றால், பட்ஜெட் போடுகிறவர்களுக்கு? அரசியல் சட்டத்தைப் புரட்டினேன். 102-வது பிரிவு எம்.பி.க்கு, 191-வது எம்.எல்.ஏ.வுக்கு. இரண்டிலும் கடன் விஷயத்தில் ஒரே தடைதான்: கோர்ட் திவால் என்று அறிவித்து, அதிலிருந்து இன்னும் விடுபடாதவராக இருக்கக்கூடாது. அதாவது, அதே மஞ்சக் கடுதாசி! மற்றபடி கோடிக்கணக்கில் கடன் இருந்தாலும் வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் ஒளிக்காமல் எழுதிவிட்டால் போதும். 'செட்டில்டு' பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை.

உள்ளே போய்விட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். மத்திய அரசின் 1964-ம் வருஷ நடத்தை விதிகளில் 17-வது, எப்போதும் கடனிலேயே இருக்கக்கூடாது என்கிறது. கடனுக்காக யாராவது வழக்குப் போட்டால் அரசாங்கத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஊதாரித்தனத்தால் வந்த கடனில்லை என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பே.

ஏஜென்சிக்காரர் பாதிக்கு முடிக்கலாம் என்று கொஞ்சினால், பரோட்டாவுக்குக் கிளம்பாதீர்கள். தவணை கேளுங்கள். முழுசாகக் கட்டி, கையோடு கடிதம் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் அறிக்கை இலவசம்.

போன மாசம் நானும் எடுத்துப் பார்த்தேன். ஏழு வருஷமாகிவிட்டதில் அந்த வரியைக் காணோம். ஸ்கோர் 781. ஆனால் வங்கி கிளார்க்குக்கு உச்ச வயசு 28. எனக்கு 34.