வெறுங்கையோடு திரும்பக் கூடாது

கொடைக்கானல் மலையில் பூம்பாறையையும் தாண்டி இருக்கிறது கூக்கால். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சிற்றூர். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்காகக் கொடைக்கானல் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

படிக்க இடம் இருக்கிறது. பெண்களுக்கென்றே 1984-ல் ஏற்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அந்த மலையில்தான் உள்ளது. ஆனால், மேற்படிப்புக்கு வேண்டிய புத்தகங்களை எல்லாம் விலை கொடுத்து வாங்க ஓர் உழவர் வீட்டுப் பெண்ணால் முடியுமா? முடியாது. அவளுக்கு நூலகம்தான் துணை.

நூலகம் என்றதும், "எத்தனை ஆயிரம் புத்தகம் இருக்கிறது?" என்று கேட்பது நம் வழக்கம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. புத்தகம் தேடி வந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்?

இந்தக் கேள்வியின் அருமையை உலகத்துக்கு உணர்த்தியவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்! கணக்கு ஆசிரியராக இருந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது விதி.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். வாசகர் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்பதே அதன் பொருள்.

இன்று வண்டி மாறிவிட்டது. 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்றின்கீழ், அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 13,000 ஆராய்ச்சி இதழ்களைக் கணினி வழியே படிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால், அதைத் திறந்து தேடும் வகையை யாராவது சொல்லித்தர வேண்டாமா? விடுமுறைக்கு ஊர் வந்த பெண்ணுக்கு, மலைச்சரிவில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்க வேண்டாமா? இல்லாவிட்டால் அதுவும் பூட்டிய அலமாரிதான்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளைக் கொடுத்து, "நூலகம் திருப்தியா?" என்று மாணவர்களைக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதே. ஆனால், "திருப்தி" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஏமாந்து போய், நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட மாணவியின் கையில் அந்தத் தாள் போய்ச் சேருமா?

ஆகவே நாம் சொல்வது இது. ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்தின் வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேடி வந்து கிடைக்காத புத்தகத்தின் பெயரை மாணவர்கள் அதில் எழுதட்டும். மாதம் ஒருமுறை அதைப் படித்துப் பார்த்துப் புதுப் புத்தகம் வாங்கட்டும். வகுப்பு முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும் சில மணி நேரம் கதவு திறந்திருக்கட்டும்.

மாணவர்களுக்கும் கடமை உண்டு. கூச்சப்படாமல் நூலகரைக் கேளுங்கள். ஏட்டைக் கிழிக்காதீர்கள். எடுத்த புத்தகத்தைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் அதே புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார்.

கூக்காலிலிருந்து மலைப்பாதையில் பஸ் ஏறி வந்தவள் கையில் புத்தகத்தோடு திரும்ப வேண்டும். அதுவே நூலகத்துக்குப் பெருமை.