கோடையும் குதிரையேற்றமும்

வேனிற்காலம் விடுமுறைக் காலமுமாதலின், நெடுநாளாக விரும்பிய கலையொன்றைப் பயிலுதற்கு இளைஞர் பலர் அக்காலத்தையே தேர்ந்துகொள்கின்றனர். அக்கலைகளுள் குதிரையேற்றமும் ஒன்று. தென்சென்னைப் புறநகர்களில், சிறப்பாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, இக்கலை கற்பிக்கும் கூடங்கள் உள. சொந்தமாகக் குதிரை வைத்துப் பேணுவோரும் உளர். உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு ஊக்கமும் தரும் இப்பயிற்சியை நாம் குறைகூறப் புகுந்தோமல்லேம். ஆயினும், ஏறுவோனுக்கு இன்பமாயிருப்பது சுமப்பதற்குத் துன்பமாய் முடியுமாயின், அதனை இன்பமென்று எங்ஙனம் கூறலாம்? கோடையில் குதிரையைப் பயிற்ற விரும்புவோன் முதற்கண் தன்னைப் பயிற்றிக்கொள்ளல் வேண்டுமென்பதே நாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

குதிரை தமிழர்க்குப் புதிதன்று. கடல் வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. வள்ளல்களாகிய ஓரியும் காரியும் ஏறிய குதிரைகள் அவர்தம் பெயராலேயே வழங்கப்பெற்றன. குதிரையின் நடையை ஐந்து கதியென்றும் பதினெட்டுச் சாரியென்றும் பழைய நூலோர் வகுத்துரைத்தனர். இங்ஙனம் போற்றியும், இந்நாட்டிற் குதிரைகள் நெடிது வாழ்ந்தனவா? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ வரைந்துள்ள செய்தி நம்மை நாணச் செய்கின்றது. ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்து, ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளை அரசர் வருவித்தனரென்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறு தானும் எஞ்சுவதில்லையென்றும் அவர் எழுதினார். பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணமென்பது அவர் கருத்து. புல்லுண்ணும் அவ்விலங்குக்கு இறைச்சி கலந்த சோற்றை ஊட்டினராம்! அன்பு குறைவாயிருந்ததென்று கூறவியலாது; அறிவே குறைவாயிருந்தது. அக்குறை இன்றும் முற்றும் நீங்கிற்றென்று சொல்லுதற்கில்லை.

நம் பகுதியின் வெப்பநிலையைச் சிறிது ஆராய்வோம். 2003-ஆம் ஆண்டு மே மாதத்திற் சென்னையின் வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டியது. அத்தகைய நாள் அரிதேயெனினும், மே மாதத்துப் பகலின் உச்ச வெப்பம் சராசரியாகவே 37 டிகிரியை ஒட்டி நிற்கின்றது. கடற்காற்றும் தாம்பரம் போன்ற உட்பகுதிகளுக்குக் கரையோரத்தினும் தாழ்த்தே வந்து சேரும். விடியலிற் குளிர்ச்சியிருக்குமேயெனின், ஆண்டு ஈரம் மிகுதியாயிருக்கும். பாரன்ஹீட் கணக்கில் வெப்பத்தின் அளவோடு காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டி, அத்தொகை 150-க்கு மேற்பட்டால் எச்சரிக்கை வேண்டுமென்றும், 180-ஐ நெருங்கினால் வேலையே வாங்கலாகாதென்றும் குதிரை பயிற்றுவோர் கொள்வர். 82 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள நம் விடியற்காலையில் அத்தொகை 157 ஆகின்றது. எனவே விடியற்காலையும் அச்சமற்ற வேளையன்று. ஏனைய வேளைகளினும் தீங்கு குறைந்ததென்றே கொள்ளல் வேண்டும். நண்பகலில் ஈரம் குறைதலின் அத்தொகை சிறுத்துத் தோன்றினும், வெயிலும் தரைச்சூடும் அக்கணக்கில் அடங்காமையின், அவ்வேளை அறவே விலக்கத்தக்கது. வண்டியிழுக்கும் விலங்குகளையும் பொதிசுமக்கும் விலங்குகளையும் பற்றி 1965-இல் எழுந்த மத்திய அரசின் விதிகள், வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களிற் பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றைப் பயன்படுத்தலாகாதென்று விதிக்கின்றன. பிழைப்புக்காக வண்டியோட்டும் ஏழைக்கு விதித்த கட்டுப்பாட்டை, பொழுதுபோக்குக்காக ஏறும் நாம் மீறுதல் தகுமோ?

அங்ஙனமாயின் கோடை முழுவதும் குதிரையைக் கொட்டிலிற் கட்டிவைத்தலே அறமன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. நடந்து திரிந்து மேய்தற்கென்று அமைந்த உடலை அசையாது நிறுத்திவைப்பின், வயிற்றுவலி முதலிய நோய்கள் எளிதில் தோன்றும். மரத்தைக் கடித்தல், இடைவிடாது தலையாட்டல் முதலிய தீய பழக்கங்களும் படியும். மேலும், மெல்லிய வேலையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துவரின், இரண்டு மூன்று வாரங்களில் உடல் வெப்பத்துக்கு ஒருவாறு பழகும். ஆகவே கோடை ஓட்டத்துக்குரிய காலமன்று, அடிப்படைக்குரிய காலம். கதிரவன் எழுமுன் அரைமணி நேரம் நடத்தலும், நீண்ட கயிற்றிற் பிடித்து நிழலில் வட்டமாகச் செலுத்தலும், நிற்றல், திரும்புதல், பின்வாங்கல் ஆகியவற்றைக் குரலாலும் கையின் மெல்லிய குறிப்பாலும் உணர்த்தலும் அக்காலத்துக்கு ஏற்றன. தார்ச்சாலையை விலக்கி மண்தரையை நாடல் வேண்டும். இலாடம் தாரில் வழுக்கும், வன்தரை கால்களையும் அதிரச் செய்யும்.

குதிரையின் உடற்கூற்றையும் உடையவன் அறிதல் வேண்டும். மனிதனைப் போலவே குதிரையும் வியர்வையால் வெப்பத்தை வெளிவிடுகின்றது; அவ்வியர்வையில் உப்பு நம்முடையதினும் மிகுதி. கடுவேலையில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வை வடிதல் உண்டு. ஆதலின் தொட்டியில் எப்பொழுதும் தூயநீரும், கொட்டிலில் உப்புக்கட்டியும் இருத்தல் இன்றியமையாதது. குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்குக் கொணரப்பட்ட குதிரைகளிற் சில, நாளடைவில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு. உழைத்தும் மேனி உலர்ந்து மூச்சுமட்டும் விரையுமாயின், அதனை நற்குறியென்று எண்ணாது உடனே கால்நடை மருத்துவரை நாடுக.

சூடேறிய குதிரைமேல் தண்ணீர் ஊற்றலாகாதென்பது நெடுநாளைய நம்பிக்கை. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியிற் குதிரைகள் வெப்பத்தால் வாடியதைக் கண்ட அறிஞர், 1996-இல் அட்லாண்டாவில் நிகழவிருந்த போட்டிக்கு முன் இதனை ஆராய்ந்தனர். உடல் முழுவதும் இடைவிடாது தண்ணீர் ஊற்றுதலே வெப்பத்தைத் தணிக்கும் சிறந்த வழியென்பது அதனாற் புலனாயிற்று. நாடியையும் பார்த்தல் வேண்டும். ஓய்வில் அது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். நெடுந்தூரச் சவாரிப் போட்டிகளில் 64-க்கு இறங்கிய பின்னரே மேற்செல்ல விடுவது வழக்கம். நாடிபார்க்க ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும்.

இவ்விடத்திற்றான் ‘சொந்தக் குதிரை’ என்னும் சொல்லின் பொருள் விளங்குகின்றது. விலைகொடுத்து வாங்கியதனால் மட்டும் ஒரு குதிரை நமதாகிவிடாது. குதிரைக்காரன் கழுவித் தேய்த்துச் சேணமிட்டு நிறுத்த, ஏறி இறங்கிக் கடிவாளத்தை அவன் கையிற் கொடுத்துச் செல்வோன், தன் லாயத்திலேயே வாடகைச் சவாரி செய்கின்றான். தன் கையாற் குளம்பைத் துப்புரவு செய்து, புல்லும் நீரும் வைத்து, அதன் உணவும் மூச்சும் நாள்தோறும் எத்தன்மையவென்று அறிந்தவனுக்கே அதன் சிறு மாறுதலும் புலப்படும். விடுமுறையில் மாணவனுக்குள்ள ஓய்வு இப்பணிக்கே பெரிதும் பயன்படுவதாகுக. குதிரை வாங்கும் வசதியில்லாதவரும் பயிற்சிக் கூடங்களில் இப்பணியைக் கற்கலாம். அவர் பெறும் அறிவு உடையவனது அறிவிற் குறைந்ததன்று.

நம் பகுதியிற் குதிரையென்றவுடன் கிண்டிப் பந்தயக்களமே பலருக்கு நினைவில் எழும். அந்நிலத்துக்குரிய 1945-ஆம் ஆண்டுக் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் முடித்துக்கொண்டது. குதிரைக்கலையே நம்மைவிட்டு அகன்றதென்று இதற்காக வருந்துவோருக்கு நாம் ஒன்று கூறுவோம். இரண்டு வயதில், எலும்பு முற்றுமுன், விரைவொன்றையே நாடிப் பயிற்றுவதும், அதன்மேற் பணயம் வைப்பதும் குதிரைக்கலையின் ஒரு கூறேயன்றி முழுமையன்று. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு குதிரை நடைப்பயிற்சிப் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் நம் நாடு பெற்ற பொற்பதக்கம் அதுவே. அப்போட்டி விரைவை அளப்பதன்று. ஏறுவோனும் ஏறப்படுவதும் எத்துணை ஒன்றுபட்டன என்பதை அளப்பது. அவ்வொற்றுமை பல்லாண்டுப் பொறுமையின் பயன்.

மாணவ நண்பர்காள்! பசுமையான மரங்களிடையே தாம்பரத்திற் பயிலும் நமக்கு, நிழலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்நிழலையும் நீரையும் ஓய்வையும், வாய்விட்டுக் கேட்க இயலாத உயிருக்கு முதலில் அளித்துப் பின்னர் நாம் கொள்வோமாக. வரும் கோடையிற் குதிரையேறப் புகுவோர், எத்துணைத் தொலைவு சென்றோமென்று கணக்கிடுதல் வேண்டா. திரும்பி வந்து சேணத்தை இறக்கும்பொழுது, குதிரை அமைதியாக மூச்செறிந்து தண்ணீரை விரும்பிப் பருகி, மறுநாள் நம்மைக் கண்டு தானே முன்வருகின்றதா என்று நோக்குக. அங்ஙனம் வருமாயின், அக்கோடைப் பயிற்சி பயன்பெற்றதென்று மகிழலாம்.