ஊருக்குத்தான் உபதேசமா?

"தண்ணீரை வீணாக்காதீர்! குப்பையைப் பிரித்துப் போடுவீர்!" என்று அட்டைகளில் எழுதி ஏந்தியபடி இவ்வாண்டு நாங்கள் கோச்சடைத் தெருக்களில் ஊர்வலம் சென்றோம். மேலக்கால் சாலையில் போவோர் வருவோர் நின்று பார்த்தனர். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்த ஓர் அம்மாள் எங்கள் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார், பிறகு சிரித்தார். "அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு, ஏனம் கழுவுன தண்ணி வாழைக்கு. இதுக்கு மேல எதை மிச்சம் பிடிக்கிறது, தாயி?" என்று கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர் கேட்டது முற்றிலும் நியாயம் என்பதே எங்கள் கருத்து.

சிக்கனம் என்னும் பாடத்தை யாருக்குக் கற்பிக்கப் புறப்பட்டோம்? நாளைக்கு எட்டுக் குடம் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு! நம்முள் பலர் வீட்டிலோ ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மாடித் தொட்டி எல்லாம் உண்டு. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டாரை 10 நிமிடம் நிறுத்த மறந்தால் 300 லிட்டர் வழிந்தோடும். 15 லிட்டர் குடம் என்று கொண்டால் 20 குடம். அந்த அம்மாளுக்கு இரண்டு நாளைக்கும் மேல் போதுமான தண்ணீர், நாம் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருக்கும் வேளையில் சாக்கடைக்குப் போய்விடுகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டு ஒழுகும். 4,000 சொட்டுக்கு ஒரு லிட்டர் என்றால் 21 லிட்டருக்கும் மேல். ஆர்.ஓ. கருவி இருக்கிறதே, அது ஒரு குடம் நல்ல நீர் தருவதற்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று குடத்தைக் கழிவென்று வெளியே தள்ளிவிடுகிறது. அந்நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கும் வீடுகள் எத்தனை?

கோச்சடையில் வாழும் நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். இங்கே வைகை மணலில் ஊறும் நீரை எடுத்து மதுரை நகருக்கு வழங்கி வந்திருக்கிறார்கள். நகரத்தின் தாகம் தீர்த்த கரை இது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது உண்மையே. ஆனால் அணை மழையைப் பெய்விப்பதில்லை. 2017 ஏப்ரலில் அணையில் எஞ்சிய நீர் ஆவியாகாதிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிற்று. நாடே சிரித்தது. நம் வீடுகளிலும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மோட்டாரைப் போட்டார்கள்.

நம் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில், 1940இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சையில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளாதாரமும் கற்றவர். காந்தியடிகளுடன் சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சேமிப்பைக் கொண்டு நடத்தும் வாழ்வு வேறு, இயற்கை ஆண்டுதோறும் புதிதாகத் தருவதைக் கொண்டு நடத்தும் வாழ்வு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இவ்வளவு படித்தவர் எழுதியதை அந்தக் குழாயடி அம்மாள் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் வீடு நடப்பது அந்த முறையில்தான். ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுக்கு ஆண்டு ஆழப்படுத்தும் வீடுகள் நடப்பது மற்ற முறையில்.

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். 2003இல் தமிழகம் முழுவதும் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடியிலிருந்து குழாய் இறங்கியது. அந்தக் குழாய் முடியும் குழியில் கூழாங்கல்லும் மணலும் தூர்ந்து கிடப்பதை ஐப்பசி பிறக்குமுன் யார் திறந்து பார்க்கிறார்கள்? அங்கேதான் கல்வி வேண்டியிருக்கிறது. அந்தக் கல்வி குழியுள்ள வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறோம், பெரியோர் பொறுத்தருள்க. இல்லறச் சிக்கனம் என்றாலே பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், தண்ணீரைக் குறைத்தல், குப்பையைப் பிரித்தல், உண்ணுமளவே சமைத்தல் முதலிய சிறு செயல்களை எடுத்துரைக்கிறார். அவற்றைப் பெண்களுக்கு மட்டும் அவர் ஒதுக்கவில்லையே! வண்டியைக் குழாய் பிடித்துக் கழுவுகிற அண்ணனுக்கும், சவரம் முடியும்வரை குழாயைத் திறந்து விட்டிருக்கும் அப்பாவுக்கும் இப்பாடத்தை யார் நடத்துவது? நாங்கள் சொன்னால், "முதலில் பரீட்சைக்குப் படி" என்கிறார்கள்.

ஆகவே அருட்சகோதரியரிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு ஊர்வலத்துக்குப் பதில், பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அப்பாவோ அண்ணனோ கட்டாயம் வரவேண்டும். வீட்டு மோட்டார் ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் ஓடியது என்று தம் கையால் எழுதிய கணக்கைக் கொண்டுவர வேண்டும். அந்த அம்மாளையும் அழைப்போம். இம்முறை அவர் பேசுவார். நாம் எல்லோரும் கீழே உட்கார்ந்து கேட்போம்.