குழந்தைக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குழந்தை. ஆசாரி காதைத் தொட்டதும் வீல் என்று ஓர் அலறல். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் வாயில் வாழைப்பழத்தைத் திணிப்பார். "அதுக்கு என்ன தெரியும், ரெண்டு நிமிஷத்துல மறந்துடும்" என்பார் பாட்டி.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. 1980-கள் வரை மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர்கள் பலர் இதையேதான் நம்பினார்கள். பச்சைக் குழந்தையின் நரம்பு முழுசாக வளரவில்லை, அதனால் வலி தெரியாது என்பது ஒரு காரணம். வலுவான வலி மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொன்று. (இரண்டாவது பயத்தில் நியாயம் இருந்தது.) அதனால் குறைமாதக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் பல இடங்களில் கொடுத்தது இரண்டுதான்: கொஞ்சம் சிரிப்பூட்டும் வாயு, அப்புறம் தசைகளை அசையவிடாமல் செய்யும் ஒரு மருந்து. கத்தியை வைத்தாலும் குழந்தையால் கையை ஆட்ட முடியாது, அழக்கூட முடியாது. பார்ப்பவருக்கு நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் தெரியும்!

இதைக் கேள்வி கேட்டவர் நம் நாட்டுக்காரர். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த். ஆபரேஷனுக்குப் போன குழந்தைகள் வெளிறிப்போய், நாடி தளர்ந்து திரும்புவதைப் பார்த்தவர், உள்ளே என்னதான் நடக்கிறது என்று தேடினார். அழ முடியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? ரத்தத்தைக் கேட்டார்.

1987 ஜனவரியில் லான்செட் இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. இதயத்தின் அருகே, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருந்த 16 குறைமாதக் குழந்தைகள். எல்லோருக்கும் வழக்கமான மருந்துகள். 8 பேருக்கு மட்டும் கூடவே ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து. மருந்து கிடைக்காத 8 பேரின் ரத்தத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் எகிறின. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம்.

அந்த 8 குழந்தைகளை நினைத்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் ஆனந்த் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அன்று ஊரெல்லாம் நடந்த வழக்கமான வைத்தியம்தான் அவர்களுக்கும் நடந்தது. கோபப்பட வேண்டியது அந்த வழக்கத்தின் மேல்.

வெறும் 16 பேரை வைத்து முடிவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே ஆனந்த், ஹிக்கி என்பவரோடு சேர்ந்து 1992-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். இதய ஆபரேஷன் செய்த 45 பச்சைக் குழந்தைகள். ஆழமான மயக்கம் கொடுத்த 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. லேசான மயக்கம் கொடுத்த 15 பேரில் 4 பேர் இறந்தார்கள். வலியைத் தடுப்பது வெறும் இரக்கம் இல்லை, உயிர் விஷயம்.

ஆபரேஷன் தியேட்டரில் அந்த வழக்கம் மாறிவிட்டது. வெளியே அவ்வளவாக மாறவில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் எத்தனை பேர் இதைச் சொல்லியிருப்பார்கள்? குழந்தையை மடியில் வைத்து, ஊசிக்குச் சற்று முன்போ ஊசி போடும்போதோ தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. பைசா செலவில்லை. ஊசி போட்டு, அழவிட்டு, அப்புறம் பால் கொடுப்பதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதும். வரிசையில் நிற்கும் அம்மாவுக்குத் தயக்கம் இருந்தால், கூடப் போகும் அக்காவோ சித்தியோ கேட்கலாம்: "சிஸ்டர், பால் குடிக்கிறப்பவே போட்டுடுறீங்களா?"