எஞ்சினின் தீர்ப்பும் காய்ப்பலியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தில் இன்று மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் ஏராளமாக உற்பத்தியாகின்றன என்பது நேயர்கள் அறிந்ததே. அங்கே கோக்கப்பட்டு உலகெங்கும் செல்லும் கைப்பேசி ஒன்றில், உலக சாம்பியனையும் தோற்கடிக்க வல்ல சதுரங்க எஞ்சினைக் காலணாச் செலவின்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? 2009-ஆம் ஆண்டிலேயே 'பாக்கெட் ஃபிரிட்ஸ்' என்னும் எஞ்சின் ஒரு கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, அர்ஜென்டினா தேசத்துப் பந்தயம் ஒன்றில் 10 ஆட்டங்களில் 9½ புள்ளி பெற்றது. பின்னர் வந்தவை அதனினும் பன்மடங்கு வலியவை.

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்பும் இளைஞர் ஒருவர், தூரதேசத்தில் நடக்கும் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் ஒருவர் எதிரி ராஜாவின் வாசலிலே தம் குதிரையை வெட்டக் கொடுக்கிறார். பலகையின் ஓரத்திலுள்ள கோடு சரேலென்று சரிகிறது. மைனஸ் இரண்டு என்று எண் காட்டுகிறது. "தப்பாட்டம்" என்று நம் இளைஞர் சொல்லிவிடுகிறார். அரைமணி நேரம் தலையைக் கையில் தாங்கிச் சிந்தித்துச் செய்த காரியம் அரை விநாடியில் தள்ளுபடியாகிறது. இத்தீர்ப்பு செல்லுமா என்பதே நாம் இன்று விசாரிக்க விரும்பும் விஷயம்.

காய்ப்பலி எல்லாம் ஒரு ஜாதி அன்று. 2013 ஜனவரியில் ஹாலந்து தேசத்து விக் ஆன் ஜே நகரில், ஆர்மீனியரான ஆரோனியனுக்கு எதிராக ஸ்ரீ விசுவநாதன் ஆனந்த் 15-ஆவது நகர்த்தலில் மந்திரியையும் 16-ஆவதில் குதிரையையும் வெட்டுக்கு நிறுத்தி, 23 நகர்த்தல்களில் ஆட்டத்தை முடித்தார். அழகு மிகுந்த ஆட்டந்தான். ஆயினும் கணக்குப் பிசகாத பலி அது. எஞ்சினைக் கேட்டாலும் சரியென்றே சொல்லும். மற்றொரு வகை ஊகப் பலி. முடிவுவரை கணக்கிட்டுப் பார்க்க இயலாது என்று தெரிந்தே, நிலையின் போக்கையும் எதிரியின் மனத்தையும் நம்பிக் காயைக் கொடுத்துவிடுவது. இதில் பேர்போனவர் ரீகா நகரத்து மிகாயில் தால். 1960-இல் மாஸ்கோவில், அப்போதைய சாம்பியன் போத்வின்னிக்குடன் ஆடிய ஆறாவது ஆட்டத்தில், 21-ஆவது நகர்த்தலில் அவர் ஒரு குதிரையைக் கொடுத்தார். சபையில் எழுந்த ஆரவாரம் அடங்காமற் போகவே, ஆட்டத்தைப் பின்னறைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. போத்வின்னிக் சரியாக எதிர்த்திருந்தால் அந்தப் பலி பலித்திராது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆனால் ஆட்டத்தை வென்றவர் தால். அவ்வாண்டுப் பட்டமும் அவருடையதே. இவருடைய பெயரால்தான் 1972-இல் சென்னை ஸோவியத் கலாசார நிலையத்தில் ஸ்ரீ மானுவேல் ஆரோன் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகிய இடங்களுள் அது முக்கியமானது.

நிற்க. எஞ்சின் எவ்வாறு எடை போடுகிறது? பழைய எஞ்சின்களின் முறை கணக்கப்பிள்ளையின் முறை. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மும்மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது என்று விலை வைத்து, ராஜாவின் பாதுகாப்பு முதலியவற்றுக்காகச் சில்லறையைக் கூட்டியும் கழித்தும் ஒரு நிலையின் மதிப்பைக் காணும். வரக்கூடிய நிலைகளை லட்சக்கணக்கில் முன்னோக்கித் தேடி, இரு தரப்பாரும் தத்தமக்கு மிகச் சிறந்ததையே செய்வார்கள் என்று வைத்துக்கொண்டு, முடிவில் ஓர் எண்ணைச் சொல்லும். பலியின் பயன் அந்தத் தேடலின் எல்லைக்கு அப்பால் இருந்துவிட்டால், எஞ்சினுக்குத் தெரிவது போன குதிரை மட்டுமே. முதல் விநாடியில் மைனஸ் மூன்று என்றது, சில நிமிஷம் சென்றபின் பூஜ்யத்துக்கு ஏறி வருவதை நாம் பார்ப்பது இதனாலேதான். அந்த முதற்குரலையே முடிவாகக் கொள்வது, வாதியின் மனுவை மட்டும் படித்துவிட்டு டிக்ரி கொடுப்பதை ஒக்கும்.

1997 மே மாதத்தில் நியூயார்க்கில் 'டீப் புளூ' யந்திரம் காஸ்பரோவை ஆறாவது ஆட்டத்தில் 19 நகர்த்தல்களில் வென்றதே, அப்போது யந்திரமே ஒரு குதிரையைப் பலி கொடுத்ததே என்று சிலர் கேட்கலாம். மெய்தான். ஆனால் விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய வல்ல அந்த யந்திரம் அந்தப் பலியைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. மனிதர் முன்கூட்டியே எழுதிவைத்த ஆரம்ப ஏட்டிலிருந்து எடுத்து ஆடியது!

பிறகு காலம் மாறியது. 2017-இல் 'ஆல்ஃபா ஸீரோ' என்பது தன்னோடு தானே ஆடிப் பழகி, அன்றைய சிறந்த எஞ்சினான 'ஸ்டாக்ஃபிஷ்'ஷுடன் 100 ஆட்டம் ஆடி, 28-இல் வென்று, எஞ்சிய 72-ஐச் சமன் செய்தது. உடனடி லாபம் எதுவுமின்றிக் காய்களைக் கொடுத்துவிட்டு, எதிரியின் காய்களை நெடுநேரம் மூச்சுத் திணற வைத்த அதன் ஆட்டங்களைக் கண்டு நிபுணர்கள் வியந்தார்கள். 2020-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நரம்பு வலை முறையைக் கைக்கொண்டது. ஆகவே இன்றைய எஞ்சின் பலியை வெறுக்கும் கணக்கப்பிள்ளை அன்று. ஆனால் அது சொல்லும் எண்ணின் பொருளும் மாறிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2022 டிசம்பரில் வெளிவந்த பதிப்பிலிருந்து, ஸ்டாக்ஃபிஷ் காட்டும் 'ஒன்று' என்பது ஒரு சிப்பாயின் விலையன்று. வெற்றிக்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு என்பதே அதன் பொருள். யாருக்கும் யாருக்கும் நடக்கும் ஆட்டத்தில்? அந்த எஞ்சினுக்கும் அதே வலிமையுள்ள மற்றோர் எஞ்சினுக்கும் நடக்கும் ஆட்டத்தில்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. இருவரும் பிழையே செய்யாவிட்டால் முடிவு என்ன என்ற கேள்விக்கு எஞ்சின் விடை தருகிறது. அந்த விடையை நாம் மறுக்கவில்லை. பலி கொடுத்தவர் கேட்டதோ வேறு கேள்வி. கடிகாரத்தில் பத்து நிமிஷம் மீதியுள்ள இந்த மனிதர், அடுத்த ஐந்து நகர்த்தல்களிலும் தவறாமல் சரியானதையே காண்பாரா என்பது அது. ஒரு கேள்விக்குரிய விடையைக் கொண்டு மற்றொரு கேள்வியைத் தீர்ப்பது எந்த மன்றத்திலும் எடுபடாது. பலியே இல்லாத ஆட்டத்திலும் இதைக் கண்டோம். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் 14-ஆவது ஆட்டம் சமம் என்றே எஞ்சின்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்ரீ குகேஷ் விடாமல் ஆடினார். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயதில் சென்னைப் பிள்ளை உலக சாம்பியனானார்.

அப்படியானால் எதிரி தவறுவான் என்று எண்ணி எதை வேண்டுமானாலும் அள்ளிக் கொடுக்கலாமா? கூடாது. அது துணிவன்று, சூதாட்டம். பலியை எடைபோட ஒரு வழி இருக்கிறது. அதற்கும் எஞ்சினே உதவும். முதல் எண்ணோடு நிறுத்தாமல், எதிரிக்கு உள்ள பதில்களில் எத்தனை அவருக்கு மேன்மையைக் காத்துத் தருகின்றன என்று கேட்க வேண்டும். ஐந்து பதில்கள் காக்குமானால் பலி வீண். ஒன்றே ஒன்றுதான் காக்கும், அதுவும் ராஜாவைத் தாமே போர்க்களத்தின் நடுவே நடத்திச் செல்வதுபோல் மனிதக் கை கூசுகின்ற நகர்த்தல் என்றால், மைனஸ் இரண்டு காட்டும் அந்தப் பலிக்குப் பந்தயத்தில் தக்க விலை உண்டு. அமெரிக்க, கனடா ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட 'மையா' என்னும் எஞ்சின் இத்திசையில் சென்ற நல்ல முயற்சி. மிகச் சிறந்த நகர்த்தலை அது தேடுவதில்லை. இன்ன தரத்து ஆட்டக்காரர் இந்நிலையில் எதை ஆடுவார் என்று ஊகிக்கிறது. சாமானிய ஆட்டக்காரர் விஷயத்தில் ஏறத்தாழப் பாதித் தடவை அந்த ஊகம் சரியாகவும் இருக்கிறது.

இது பொழுதுபோக்கு விவாதமன்று. நம் ராஜ்யத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சதுரங்கம் பயில்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறந்து, "இங்கே ஏன் குதிரையைத் தொலைத்தாய்?" என்று தகப்பனார் அதட்டினால், அடுத்த முறை அப்பிள்ளையின் கை குதிரையின்மேல் போகவே போகாது. ஸ்ரீ குகேஷுக்குப் பயிற்சி அளித்த ஸ்ரீ விஷ்ணு பிரசன்னா, சிறுவன் 2500 தரப்புள்ளியை எட்டும்வரை எஞ்சினை அவனிடம் அண்ட விடவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். எல்லாரும் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. பிள்ளை தான் பலி கொடுத்ததன் காரணத்தைத் தன் கையால் எழுதிய பிறகு எஞ்சினைத் திறந்தால் போதும்.

பந்தயங்களை ஒளிபரப்புவோரிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடை நடத்திய ராஜ்யம் இது. 2023 முதல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் பந்தயமும் இங்கே நடந்திருக்கிறது. திரையோரத்தில் அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில், எதிரியைக் காக்கும் பதில்கள் எத்தனை, அவற்றைக் காண அவருக்கு எஞ்சியுள்ள நிமிஷங்கள் எத்தனை என்ற இரண்டு எண்களையும் போடட்டும். இதற்குப் புதிய யந்திரம் எதுவும் தேவையில்லை. இப்போதுள்ள எஞ்சின்களே கேட்டால் சொல்லும்.